சுவரோரமும் நடுத்தெருவும்

மொன்றியலுக்கு வந்து இரண்டாவது வசந்தத்தில் எங்கள் பிரெஞ்சு வகுப்பில் ஒரு வேலை தந்தார்கள். இருவர் இருவராகச் சேர்ந்து பழைய நகரத்தில் ஒரு பகுதியைத் தெரிவு செய்ய வேண்டும். அங்குள்ள பழைய இடங்களுக்கு வகுப்பு முழுவதையும் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வோர் இடத்திலும் நின்று பிரெஞ்சில் விளக்க வேண்டும். ஆசிரியை இதைச் சொன்னபோது மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் எப்படித் தப்பலாம் என்று யோசித்தேன்.

மொழி மட்டும் காரணமில்லை. கூட்டமாக வெளியில் நடப்பதும், யாரோ நில் என்றால் எல்லோரும் ஓரிடத்தில் நிற்பதும் எனக்கு ஆகாத காரியங்கள். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. நான் மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் அண்ணன் வீட்டில் இருந்தேன். கணவர் மன்னாரில் இருந்தார். சில கிழமைகளில் தொலைபேசி கிடைக்கும், சில கிழமைகளில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவர் பிறகு வந்து சேர்ந்தார். ஆனால் அந்த வசந்தத்தில் அது எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் ஒவ்வொரு காலையும் ரயிலேறினேன்.

என்னோடு சோடி சேர்ந்தவள் ஒரு யப்பானியப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். புவாண்ட்-கிளேரில் ஓர் அலுவலகத்தில் அவளுடைய கணவருக்கு வேலை. கோபே என்ற துறைமுக நகரம் அவளுடைய ஊர். அதற்கு முந்திய கிழமைதான் நாங்கள் ஒவ்வொருவரும் சொந்த ஊரில் ஒரு நடைப்பாதையை வகுப்புக்குச் சொல்லிக் காட்டியிருந்தோம். அவள் கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டே சொன்னாள். நிலையத்திலிருந்து மலைப்பக்கம் ஏற வேண்டும். அங்கே வெளிநாட்டு வியாபாரிகள் ஒரு காலத்தில் கட்டிய வீடுகள், ஒன்றின் கூரையில் காற்றுக்குச் சுழலும் சேவல். பிறகு இறங்கி வந்தால் மரங்களுக்குள் ஒரு பழைய கோவில், அதைத் தாண்டிச் சீனர்களின் கடைத்தெரு, கடைசியில் துறைமுகம். துறைமுகத்தில் உடைந்த அணைகரையின் ஒரு துண்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள் என்றாள். அங்கே விளக்குக் கம்பங்கள் இப்படி நிற்கும் என்று கையைச் சரித்துக் காட்டினாள். அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்து வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சரிந்த கம்பங்களை நான் கண்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் முறை வந்தபோது மன்னார் பஸ் நிலையத்திலிருந்து தொடங்கிக் கோட்டை வரை போய் நின்றுவிட்டேன். கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஆசிரியை கேட்டார். உள்ளே போக முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். உள்ளே ராணுவம் இருப்பதை விளக்கிச் சொல்லும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இருக்கவில்லை.

வகுப்பைக் கூட்டிப் போவதற்கு முன்பு நாங்கள் இருவரும் ஒரு சனிக்கிழமை வழியைப் பார்த்து வரப் போனோம். ஷோன்-டு-மார்ஸ் மெற்றோ நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் ஒரு பெரிய புல்வெளி. அதன் நடுவே, மண்ணோடு மண்ணாக, பழைய நகர மதிலின் அத்திவாரக் கற்கள் இரண்டு வரிசையாகத் தெரியும். அப்பால் படிகள், படிகளுக்கு மேலே நகர மண்டபம். அவள் புல்வெளியைக் கண்டதும் மூச்சை இழுத்துவிட்டுச் சந்தோஷமாக நடுவால் நடந்தாள். நான் ஓரத்தில் நின்றுவிட்டேன். ராணுவம் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்தபோது பள்ளிக்கூட மைதானத்தில்தான் எங்களை இருத்தினார்கள். முகத்தை மூடிய ஒருவன் வாகனத்துக்குள் இருந்தபடி தலையை ஆட்டுவான். அவன் தலை ஆடினால் ஆளை எழுப்பிக்கொண்டு போவார்கள். நான் இருந்த வரிசையில் மூன்று பேரைக் கொண்டுபோனதோடு நின்றது. அன்றிலிருந்து மறைப்பில்லாத வெளி என்றால் என் கால் நகராது.

பிறகு சென்-போல் தெருவுக்குள் இறங்கினோம். ஒடுக்கமான கல்லுத் தெரு, இரண்டு பக்கமும் நிமிர்ந்த கல் வீடுகள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சுவரை ஒட்டிக்கொண்டு நடந்தேன். அவள் நடுத்தெருவில் நடந்தாள். பின்னால் வந்த டக்ஸி ஹோர்ன் அடித்தும் அவள் ஓரத்துக்கு வரவில்லை. வாயேன் என்று கை காட்டினேன். அவள் வீடுகளின் மேல் விளிம்பைக் காட்டினாள்.

"வீடு விழும்," என்றாள். "எங்கள் ஊரில் விழுந்தது. விடியற்காலை. நிலம் ஆடியது."

எங்களுக்குள் இருந்தது பாதிப் பிரெஞ்சும் பாதி ஆங்கிலமும்தான்.

"நீ ஏன் புல்லில் வரவில்லை?" என்று கேட்டாள்.

"ஆமி," என்றேன். அதற்கு மேல் சொல் வரவில்லை. அவள் தலையசைத்துவிட்டு அதோடு விட்டாள்.

அதற்குப் பிறகு வழியைப் பற்றி இருவருக்கும் இழுபறி. அவள் வெளியிலேயே தொடங்கி வெளியிலேயே முடிக்கப் பார்த்தாள். நான் சுவருள்ள தெருக்களாகத் தேடினேன். கடைசியில் புல்வெளியின் ஓரத்தால் படியேறி, சென்-போலைக் கடந்து, மாலுமிகளின் தேவாலயத்துக்குப் போய், துறைமுகத்தில் முடிப்பது என்று தீர்மானித்தோம். அந்தத் தேவாலயத்தின் கூரையிலிருந்து சிறிய கப்பல் வடிவ விளக்குகள் தொங்கும். கடலில் தப்பியவர்கள் நேர்த்திக்குக் கொடுத்தவை. நான் உள்ளே போய் மண்டியிட்டேன். மன்னாரில் உள்ள எங்கள் மடுக் கோயில் மாதாவைத்தான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் வாசலைத் தாண்டாமல், அந்தக் கப்பல்கள் ஆடுகின்றனவா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணை, எனக்கு உந்த நடைக்குப் போக ஏலாது. ரீச்சரிட்ட வருத்தம், சுகமில்லை எண்டு சொல்லட்டோ?"

"என்னத்துக்குப் பிள்ளை பயப்பிடுறாய்? இது மொன்றியல். இங்க உன்னை ஒருத்தரும் ஒண்டும் செய்ய மாட்டினம். போட்டு வா."

போனேன்.

நடை நாளன்று காலை மழை விட்டிருந்தது. நாங்கள் ஓரத்தால் கூட்டிப்போக நினைத்தோம். ஆனால் ஆசிரியை அத்திவாரக் கற்களைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று எல்லோரையும் புல்வெளியின் நடுவுக்கு அழைத்துவிட்டார். இருபது பேரும் கற்களின் ஓரமாக வரிசையாக நின்றோம். அந்த நேரம் பார்த்துச் சீருடை போட்ட ஒருவர் படிகளால் இறங்கி எங்களை நோக்கி வந்தார். காவலாளியா, பொலிஸா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆசிரியையோடு ஏதோ கதைத்தார். கதைத்துக்கொண்டே எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சும்மாதான் பார்த்திருப்பார். அவருடைய பார்வை என்னிடம் வர முன்பே நான் நிலத்தைப் பார்த்துவிட்டேன். நான் பாடமாக்கி வைத்திருந்த மதிலின் கதை முழுவதும் அழிந்துபோனது. ஆசிரியை என் பெயரைச் சொல்லித் தொடங்கச் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது.

என் பகுதியை அவள் எடுத்துச் சொன்னாள். சனிக்கிழமை நான் சொல்லிப் பார்த்ததைக் கேட்டு வைத்திருந்தாள் போலும். பிழையான பிரெஞ்சில், குரலை உயர்த்தி, எல்லோரும் தன்னையே பார்க்கும்படி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சீருடைக்காரர் கொஞ்சம் நின்று கேட்டு, சிரித்துவிட்டுப் போனார்.

சென்-போல் தெருவில் எங்களுக்கு முன்னால் ஒரு லொறி நின்றது. ஏதோ திருத்த வேலை. நாங்கள் கிட்டப் போகையில் அதிலிருந்து பெரிய இரும்புத் தகடு ஒன்று கல்லுத் தெருவில் விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கும் நான் சுவரடியில் கிடந்ததற்கும் இடையில் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. ஒரு வாசல் வளைவின் கீழே குந்தி, முழங்காலுக்குள் தலையைப் புதைத்திருந்தேன். அடுத்த குண்டு எங்கே விழும் என்று காத்திருந்தேன். ஊரில் எப்போதும் ஒன்றோடு நின்றதில்லை. ஈரக் கல்லின் மணம் மட்டும் தெரிந்தது.

தலையைத் தூக்கியபோது அவள் நடுத்தெருவில் நின்றாள். எனக்கு மேலே இருந்த சுவரை, ஜன்னல்களை, கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்தாள். தகடு விழுந்த அதிர்வு அவளுடைய காலிலும் ஏறியிருக்கும். அவள் இருந்த இடத்தை விட்டு நகர மாட்டாள் என்று நினைத்தேன். அவள் ஓடி வந்தாள். வளைவுக்குள் நுழைந்து என் பக்கத்தில் குந்தி, தன் தோள்பையைக் கழற்றி எங்கள் இருவருடைய தலைக்கும் மேலே பிடித்தாள்.

"லொறி," என்றாள். "லொறி மட்டும்."

ஆனால் அவளும் எழும்பவில்லை.

ஆசிரியை வந்து எங்களுக்கு முன்னால் குனிந்தார். லொறிக்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இப்படியே வீட்டுக்குப் போகலாம் என்று ஆசிரியை சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போவதென்றால் அந்தப் புல்வெளியை மறுபடி கடக்க வேண்டுமே என்ற பயமாகவும் இருக்கலாம்.

தேவாலயத்தில் நான்தான் விளக்கம் சொன்னேன். யாரையும் பார்க்காமல், கப்பல்களை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்தேன். அவள் வாசலுக்குள் இரண்டடி வந்து நின்றாள்.

துறைமுகத்தில் மற்றவர்கள் சான்ட்விச் சாப்பிட்டபோது நாங்கள் இருவரும் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஆற்றுக் காற்று குளிராக அடித்தது. நான் மைதானத்தைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டுவதை நடித்துத்தான் காட்ட வேண்டியிருந்தது. அவள் சிரிக்காமல் பார்த்தாள். பிறகு அவளுடைய தகப்பன் சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில் அகப்பட்டதைச் சொன்னாள். மத்தியானம் வரை அவருடைய குரல் கேட்டதாம். பிறகு கேட்கவில்லையாம். இருவரிடமும் ஆறுதல் சொல்லுமளவுக்குச் சொற்கள் இருக்கவில்லை. ஒருவேளை அதுவும் நல்லதுதான்.

அந்த இலையுதிர் காலத்தில் அவளுடைய கணவரின் வேலை முடிந்து அவர்கள் கோபேக்குத் திரும்பினார்கள். ஒன்றிரண்டு தடவை தொலைபேசியில் கதைத்தோம். முகம் தெரியாமல், கை காட்ட முடியாமல், எங்கள் பிரெஞ்சு நெடுநேரம் ஓடவில்லை.

அந்த நடை நாளன்று பின்னேரம் ரொக்ஸ்பரோ நிலையத்தில் அண்ணன் காரோடு நின்றார்.

"எப்பிடிப் போச்சு?"

நான் தகட்டைப் பற்றிச் சொன்னேன், வாசலில் குந்தியதைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. பதினைந்து வருஷமாக இந்த ஊரில் இருப்பவர், எனக்குத் தைரியம் சொல்லி அனுப்பியவர், சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் காரின் திறப்பைத் திருகாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"முந்தி நான் ரவுணுக்க இருக்கேக்க, ஸ்னோ அள்ள வரமுதல் காரை எடுக்கச் சொல்லி சைரன் அடிப்பாங்கள்," என்றார். "முதல் வின்ரர், குண்டு போட பிளேன் வருது எண்டு நான் கட்டிலுக்குக் கீழ பூந்திட்டன். என்னோட இருந்த பெடியங்களும்தான். நாலு பேர், ஒரு கட்டில்."

"இவ்வளவு நாளும் நீங்கள் சொல்லேல்லயே அண்ணை."

"என்னண்டு சொல்லுறது?"

அவர் காரை எடுத்தார்.