கடைசி வண்டியின் குச்சி

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதனால் என் வேலை போனது நிஜம். பேயால் காய்ச்சல் வந்தவனைப் பார்த்திருப்பீர்கள். பேயால் வேலை போனவன் நான்தான்.

அது ஒரு குட்டி ரோடு. மெயின் ரோட்டு எடைமேடையில் கிளம்பி, வயல் நடுவே போய், ஒரு குட்டையைச் சுற்றி வளைந்து, கல்குவாரி கேட்டில் முடிந்துவிடும். பற்றவைத்த பீடி அணைவதற்குள் லாரி அந்தப் பக்கம் போய்விடும். நிலம் மொத்தமும் தட்டு மாதிரி சமம். வழியில் இருக்கும் ஒரே வளைவு, குட்டைக்காக வளைந்த வளைவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போடும் வேலை. பாதி ரோட்டில் வேலை, மீதி பாதியில் வண்டிகள். எடைமேடைப் பக்கம் நான். குவாரிப் பக்கம் என் மச்சான், பெண்டாட்டியின் தம்பி. நடுவில் புதர் மறைப்பதால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. செல்போனில் சிக்னல் கிடையாது. வாக்கிடாக்கி கேட்டதற்குக் காண்ட்ராக்டர், "குச்சி இருக்குல்ல, அது போதும்" என்று முடித்துவிட்டார்.

குச்சி என்பது இதுதான். என் பக்கத்து வண்டிகளை விடுவேன். கடைசி வண்டிக்காரரிடம் சிவப்புத் துணி கட்டிய குச்சியைக் கொடுப்பேன். அது மச்சான் கைக்குப் போய்ச் சேர்ந்தால் ரோடு காலி என்று அர்த்தம். பிறகு அவன் தன் பக்கத்தை விடுவான். அவனுடைய கடைசி வண்டியில் குச்சி என்னிடம் திரும்பி வரும். குச்சி வராமல் திறந்துவிட்டால் வளைவில் லாரியும் லாரியும் முட்டிக்கொள்ளும். அன்று காலைதான் நைந்துபோன துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, என் மகளுக்குச் சின்னதாகிப்போன சிவப்புக் கவுனில் ஒரு கீற்றுக் கிழித்துக் கட்டியிருந்தேன். ஓரத்தில் மஞ்சள் நூல் தையல்.

மதியம் தூறல் பிடித்தது. வரிசையில் ஒன்றைத் தவிர எல்லா வண்டியும் போய்விட்டது. அதற்குக் குச்சியைக் கொடுக்கத் திரும்பினேன். அதன் பின்னால் இன்னொரு லாரி நின்றது; முன்வண்டியை அனுப்பிவிட்டேன். மூக்கு நீண்ட பழைய லாரி. வந்த சத்தமே கேட்கவில்லை...

நான் சொல்வதற்கு முன்பே டிரைவர் கையை வெளியே நீட்டினார்.

"கடைசி நீங்கதாண்ணே. அந்தப் பக்கம் நிக்கிறவன்கிட்ட குடுத்துடுங்க."

"தெரியும்."

விரல் பட்டது. நாளெல்லாம் தண்ணீரில் ஊறிய கை மாதிரி சுருங்கி, சில்லென்று இருந்தது.

லாரி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதில் முழு லோடு ஜல்லி. குவாரிக்குக் காலி வண்டிதான் போகும். லோடு வெளியேதான் வரும்.

சரி, எவனோ கிறுக்கன் என்று விட்டுவிட்டேன்.

குச்சி வரவில்லை. ஒரு வண்டியும் வரவில்லை. என் பக்கம் வரிசை எடைமேடையைத் தாண்டிவிட்டது. ஆளாளுக்கு ஹாரன். காது கிழிந்தது. ஒரு ஜீப்காரர் இறங்கியே வந்துவிட்டார்.

"ரோடு என்ன உன் மாமனார் வீட்டுச் சீதனமா? விடுய்யா!"

"குச்சி வரணும்ணே."

"உன் குச்சிக்காக நான் இங்கயே குடித்தனம் பண்ணவா?"

காண்ட்ராக்டர் பைக்கில் வந்து சேர்ந்தார். "எதுக்குய்யா நிறுத்தி வெச்சிருக்க? திற."

"கடைசி வண்டி போய்ச் சேரலைங்க."

"குச்சியா உனக்குச் சோறு போடுது? நான் போடுறேன். திற!"

"எவனாவது செத்தா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அவர் முகம் சிவந்தது. "அப்ப நீயே போய் வாங்கிட்டு வா. குச்சியோட வந்தா வேலைக்கு வா. இல்லன்னா அப்படியே வீட்டுக்குப் போயிடு."

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். வழியில் ரோலர்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஜல்லி லாரி ஒண்ணு போச்சாண்ணே?"

"அந்தக் காலி வண்டிங்க போனப்புறம் என்னைத் தாண்டி ஒரு நாய்கூடப் போகல. நான் என்ன தூங்கிட்டா இருக்கேன்?"

அவரைத் தாண்டாமல் அங்கே வழியே இல்லை.

வளைவுக்கு வந்தேன். ஓரச் சேற்றில் டயர்த் தடம். இரட்டை டயர். புதுத் தடம்.

அது வளைவில் திரும்பவில்லை. நேராகப் போயிருந்தது. குட்டையை நோக்கி.

குட்டைக் கரையில் ஆள் உயரப் புதர். ஒரு கிளைகூட ஒடியவில்லை...

புதரை விலக்கிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

அப்போது கேட்டது.

உர்ர்ர்ர்...

லோடு வண்டி முதல் கியரில் திணறும் சத்தம்.

தண்ணீருக்கு அடியிலிருந்து.

ஓடினேன். மச்சான் கேட்டருகே வெறுங்கையோடு நின்றிருந்தான். "என்ன மாமா, குச்சி எங்க? எல்லாரும் என்னை அடிக்க வர்றாங்க!"

அன்று சாயங்காலமே என் கணக்கை முடித்துவிட்டார்கள். லாரி, குட்டை, சத்தம் என்று நான் சொல்லச் சொல்லக் காண்ட்ராக்டர், "குடிச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். சத்தியமாக அன்று குடிக்கவில்லை.

அடுத்த வாரம் மச்சான் வீட்டுக்கு வந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"வளைவுல அடித்தாரைச் சுரண்டினாங்க மாமா. கடைசி அடுக்கு, கல்லு மாதிரி. அதுக்குள்ள இது புதைஞ்சிருந்துச்சு. மெஷின்ல வந்துச்சு. காண்ட்ராக்டர் பாத்ததும் கையில இருந்த டீயக் கொட்டிட்டாரு."

"ஏன்?"

"மொதமொதல்ல அந்த ரோட்டைப் போட்டது அவங்கப்பாவாம். அப்ப குவாரியே கிடையாது. ஜல்லி எல்லாம் வெளிய இருந்துதான் உள்ள வரும். ரோடு நேராத்தான் போச்சாம். ரோட்டை மேடு பண்ண ஓரத்துலயே மண்ணத் தோண்டியிருக்காங்க, அந்தக் குழிதான் இந்தக் குட்டை. மழையில கரை இடிஞ்சு, கடைசியா வந்த லாரி லோடோட உள்ள போயிடுச்சு. குச்சி அந்த டிரைவர் கையிலதான் இருந்துச்சாம், அப்புறம் கெடைக்கவே இல்லையாம்."

"அந்த ஆளு?"

"தூக்குறதுக்கு நேரமில்லைன்னு ரோட்டை வளைச்சுப் போட்டுட்டாங்க. லாரி இன்னும் உள்ளதான் கிடக்கு மாமா."

மச்சான் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.

"குச்சி கெடச்சிடுச்சாம். உன்னை வேலைக்கு வரச் சொன்னாரு."

பொட்டலத்தைப் பிரித்தேன். தார் அப்பிய குச்சி. நுனியில் துணி. விரலால் தேய்த்தேன். சிவப்பு. இன்னும் தேய்த்தேன். மஞ்சள் நூல்.

அந்த அடுக்குப் போட்டபோது நான் பிறக்கவே இல்லை.

உள்ளே போய் மகளின் கவுனை எடுத்து வந்தேன். கிழித்த இடத்தில் அந்தத் துணியை வைத்துப் பார்த்தேன்.

தையலுக்குத் தையல் பொருந்தியது.