பாங்கொக்கில் எடுத்த படம்

பாங்கொக்கில் மாரியம்மன் கோயிலுக்கு எதிரே படம் எடுக்க நிற்கிறோம். தாய்லாந்துப் பெண்கள் வரிசையில் நின்று செவ்வந்தி மாலை வாங்குகிறார்கள். முப்பது வருடங்களுக்கு முன், கனடாவுக்கு வரும் வழியில், என் அண்ணை விசா இல்லாமல் ஏழு மாதம் இங்கே ஓர் அறைக்குள்ளேயே கிடந்தவர். நகரத்தை இன்றுதான் பார்க்கிறார்.

ஒரு பொலிஸ்காரர் நேரே வந்து ஆங்கிலத்தில், "எந்த நாடு?" என்கிறார்.

"கனடா, சேர். ரொறன்ரோ." கேட்காமலே அண்ணை பாஸ்போட்டை விரித்து நீட்டுகிறார்.

பொலிஸ்காரர் அதைப் பார்க்கவேயில்லை. "சேர்ந்து நில்லுங்கள், நான் எடுக்கிறேன்," என்று என் போனை வாங்குகிறார்.

"அண்ணை, உந்தப் பாஸ்போட்டை உள்ளுக்கு வையுங்கோ."

"ஓம், வைக்கிறன்."

படத்தில் நான் சிரிக்கிறேன். அண்ணையின் நெஞ்சுக்கு நேரே பாஸ்போட், பெயர் தெரியும்படி.