நாலில் ஒன்று

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பரம்பரையியல் பாடம் வந்தால் பலகையில் நாலு பெட்டி கீறி, ஒன்றை மட்டும் சோக்கால் நிரப்பிக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு அது லேசான பாடம். நாலில் ஒன்று என்று எழுதி, முழுப் புள்ளியையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தப் பெட்டிகள் எங்கள் வீட்டுக்கும் வந்தன. என் தங்கச்சி சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் எங்கள் தாய்மாமனின் மகனைக் கட்டியிருக்கிறாள். சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று பெரியவர்கள் செய்துவைத்த கல்யாணம். இரண்டு பேருக்கும் விருப்பமும் இருந்தது. அவர்களுடைய மகளுக்குத் தலசீமியா. மாதாமாதம் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து இரத்தம் ஏற்றிக்கொண்டு, என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.

தாய்க்கும் தகப்பனுக்கும் நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. உடம்புக் கலங்களுக்குள் பரம்பரை அலகுகள் சோடி சோடியாக இருக்கின்றன. ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. சோடியில் ஒன்று பழுதென்றால் மற்றது சமாளித்துவிடும். இரண்டும் பழுதாகக் கிடைத்த பிள்ளைக்குத்தான் இரத்தம் சரியாக ஊறாது. தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் பழுது இருந்தால், அதற்கு வாய்ப்பு நாலில் ஒன்று. தங்கச்சியும் மச்சானும் ஆளுக்கொரு பழுதை வைத்திருந்தது மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. அது யாருடைய பக்கத்தால் வந்தது என்று சொந்தக்காரர் துருவித் துருவிக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே வீடுதானே என்று சொல்லி வாயை அடைத்தேன். என்னிடமும் அது இருக்கலாம். நான் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

இன்னொரு பிள்ளை வேண்டுமென்று மாமி மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தா. மச்சானுக்கும் ஆசைதான். தங்கச்சி மட்டும் பிடிகொடுக்காமல் இருந்தாள்.

போன முறை வந்தபோது மச்சான் கதிரையில் சாய்ந்து, தேத்தண்ணியை ஊதியபடி சிரித்த முகத்தோடு சொன்னார்:

“மச்சாள், டொக்டர் நாலில ஒண்டு எண்டவர். அந்த ஒண்டு முதலே வந்து போயிட்டுது. இனி மூண்டு பிள்ளைக்குப் பயமில்லை.”

அவர் கரைவலைக்காரர். ஒரு கரையில் நாலு வலை இருந்தால், நாலும் முறை வைத்துத்தான் கடலில் இறங்கும். இன்றைக்குப் போட்ட வலை கடைசிக்குப் போய்விடும். மற்ற மூன்றும் போட்டு முடியும்வரை அதற்கு இடமில்லை. அந்தக் கரையில் வளர்ந்தவருக்கு நாலில் ஒன்று வேறு எப்படி விளங்கும்? டொக்டருக்கு ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

பிழையான விடையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது.

“முறை இல்லை மச்சான். சீட்டுக் குலுக்கிற மாதிரி. நாலு சீட்டு, ஒண்டில வருத்தம். எடுத்துப் பாத்திட்டு அதே சீட்டைத் திரும்ப உள்ளுக்குப் போட்டிட வேணும். அடுத்த பிள்ளைக்கும் அதே நாலு சீட்டுத்தான்.”

“அப்ப பட்டதுக்கு ஒரு கணக்கும் இல்லையோ?”

“இல்லை.”

“திரும்பவும் அதே வரலாமோ?”

“வரலாம். வராமலும் போகலாம். ஒருத்தராலயும் சொல்ல ஏலாது.”

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டார். “கடலில கூட இப்பிடி அநியாயம் இல்லை,” என்றார். விறாந்தையில் மகள், ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எழும்பிப்போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். பாடம் சரியாக விளங்கிவிட்டது என்று எனக்குத் திருப்தி.

கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். தங்கச்சி குழாயைத் திறந்துவிட்டபடி நின்றாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

“ஏன் அக்கா அவருக்குச் சொன்னனீங்கள்?”

“பிழையா விளங்கி வைச்சிருக்கிறார். நீயாவது சொல்லியிருக்கலாம்.”

“டொக்டர் சொன்ன அண்டைக்கே எனக்கு விளங்கினது. நான்தான் அவரைத் திருத்தேல்லை.”

குழாயைப் பூட்டிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தாள்.

“எனக்கு இப்ப மூண்டு மாசம், அக்கா. அதை உங்களுக்குச் சொல்லத்தான் அவர் கதையைத் துவங்கினவர். இவ்வளவு நாளும் நான் மட்டும்தான் நித்திரையில்லாமல் கிடந்தனான். இனி அவரும்.”