இரும்பு முள்ளும் முனியப்பாவும்

போன செவ்வாய்க்கிழமை மரம் ஏறினேன். தைல மரம்... நாற்பதடி. நம்ப மாட்டீர்கள். என் முட்டியைப் பார்த்தால் நம்புவீர்கள்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும் — ஓசூரில் மரவிதை சேகரிக்கும் ஆபீஸ் ஒன்றில் நான் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டுகிறேன். வயது நாற்பத்திரண்டு. அலமாரியின் மேல்தட்டில் ஃபைல் வைக்க ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். ரேஷன் கியூவில் நின்று நின்று கால் வேறு தேய்ந்துவிட்டது. இப்படிப்பட்டவனை எதற்கு மரத்தில் ஏற்றினார்கள்?

வேறொன்றுமில்லை. ஆறு பேருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆபீஸில் தேறியது ஐந்து பேர். ஆபீஸர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

அந்த ஐந்து பேரில் நால்வர் காவலாளிகள், நிரந்தர வேலைக்காரர்கள். ஐந்தாமவர் முனியப்பா. கர்நாடக எல்லையோரம் தளிப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். என் வயதுதான் இருக்கும். பல வருஷமாகத் தினக்கூலிக்கு விதை பறித்துத் தருகிறவர். பாதங்களுக்கு நடுவே ஒரு துண்டுத் தளைக்கயிறு, இடுப்பில் அரிவாள் — எந்த மரமானாலும் விறுவிறுவென்று போய்விடுவார். பயிற்சியில் தேறினால் அவருக்கு நிரந்தர வேலை என்று ஆபீஸர் வாய்விட்டே சொல்லியிருந்தார். முனியப்பா தேறாமல் வேறு யார் தேறுவது? அவர் வீட்டில் மாரியம்மனுக்குப் பொங்கல்கூட வேண்டிக்கொண்டாகிவிட்டது.

கோயமுத்தூரிலிருந்து ட்ரெயினர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே இரும்புப் பட்டைகள். பூட்ஸுக்கு மேல் முழங்கால்வரை வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். கணுக்காலின் உள்பக்கம் சேவல் கால் முள் மாதிரி ஒரு கூர். இடுப்பில் தோல் பெல்ட். அதிலிருந்து ஒரு கயிறு மரத்தைச் சுற்றி வந்து மறுபடி பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும். முள்ளைக் குத்து, கயிற்றை மேலே தள்ளு, பின்னால் சாய். மறுபடி குத்து...

பின்னால் சாய்வதா? ஆமாம், வித்தையே அதில்தான் இருக்கிறது. மரத்தைவிட்டு விலகிக் கயிற்றில் சாய்ந்தால்தான் முள் மரத்துக்குள் இறங்கி நிற்கும். பயந்து மரத்தைக் கட்டிப் பிடித்தால் முள் பிடுங்கிக்கொள்ளும். ஆள் சறுக்க வேண்டியதுதான்.

ஐந்து நாள் பயிற்சி. ஆறாம் நாள் பரீட்சை. நாற்பதடி உயரத்தில் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தார்கள். முள்ளும் கயிறுமாகப் போய் அதைத் தொட வேண்டும். மூன்று வாய்ப்பு.

காவலாளிகள் நால்வரும் எப்படியோ தொட்டுவிட்டார்கள். முனியப்பாவால் முடியவில்லை. சின்ன வயசிலிருந்து மரத்தை மார்போடு அணைத்தே பழகிய உடம்பு. பத்தடி போனதும் கை தானாகப் போய்க் கட்டிக்கொள்கிறது, முள் பிடுங்கிக்கொள்கிறது. மூன்றாவது தடவை சறுக்கியதில் மார்பெல்லாம் தோல் உரிந்துவிட்டது. கன்னடத்தில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்தது நான். மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் எனக்கு இல்லை. சாயச் சொன்னார்கள், சாய்ந்தேன். இத்தனை வருஷமாக ஆபீஸ் நாற்காலியில் செய்வதும் அதுதானே? ஆபீஸிலும் பார்த்துவிட்டேன் — வேலையைக் கட்டிப் பிடிக்கிறவன் சறுக்குகிறான், சாய்ந்து உட்கார்ந்தவன் மேலே போகிறான்.

சிவப்புத் துணியைத் தொட்டுவிட்டேன். கீழே கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்துக் குனிந்தேனே... கை கால் மரத்துப்போய்விட்டது. ட்ரெயினர் ஏதோ கத்துகிறார், காதில் ஏறவில்லை. “அந்தோணியாரே” என்று முனகிக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே நின்றேன்.

திடீரென்று என் காலுக்குக் கீழே யாரோ மூச்சு விடும் சத்தம். முனியப்பா. முள் இல்லை, பெல்ட் இல்லை. வெறும் தளைக்கயிறு.

“கீழ பாக்காதீங்க சார். இந்தக் கால மட்டும் எனக்கு வுடுங்க. எங்க வெக்கணும்னு நான் வெக்கிறேன்.”

ஒவ்வொரு பூட்ஸாகப் பிடித்து எடுத்து, மரத்தில் குத்தி வைத்து, நாற்பதடியும் இறக்கினார். நடுவில் என் முள் அவர் மணிக்கட்டைக் கிழித்திருக்கிறது. அவர் சொல்லவில்லை. இறங்கியபின் ரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆபீஸர் கூப்பிட்டார். மேலிடத்துக்கு அனுப்பும் ஃபாரத்தில் இரண்டு பத்தி. இடது பக்கம் ‘மரம் ஏறத் தெரிந்தவர்கள்’. வலது பக்கம் ‘தெரியாதவர்கள்’. என் பெயரை இடது பக்கம் எழுதச் சொன்னார். முனியப்பாவை வலது பக்கம்.

என்னை இறக்கிவிட்டதே அவர்தானே என்று கேட்டேன். ஆபீஸர் கெட்ட மனிதர் இல்லை. அவரும் களைத்துப்போயிருந்தார்.

“யாரு எறக்குனாங்கன்னு ஃபாரத்துல கேள்வி இல்லய்யா. எழுதுங்க.”

பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். என் பெயரை அடித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உடம்பு வலி, வீட்டுக்குப் போனால் போதும் என்ற அலுப்பு... காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

வெளியே வந்தபோது முனியப்பா மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

“நம்ம பேரு எழுதிட்டீங்களா சார்?”

எழுதிவிட்டேன் என்றேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.