தங்கையனின் மழை மாதங்கள்

ஞானப்பூவின் தலைமயிரை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு புரியையும் ஒருமுறை சுண்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தங்கையன் பின்னத் தொடங்குவான். மகளை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொள்வான். பனையைக் கவ்விப் பழகிய கால்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அசைய வழியிருக்காது. நார் திரிப்பதுபோல் முறுக்கி முறுக்கிப் பின்னிக்கொண்டே போய், நுனியில் நாடாவை வைத்து மூன்று முடிச்சுப் போடுவான். எழுந்திருக்கும்போது ஞானப்பூவின் கண்ணிரண்டும் காதை நோக்கி இழுபட்டு, புருவங்கள் நெற்றியில் ஏறியிருக்கும்.

“கண்ணு வலிக்குப்பா.”

“வலிக்கட்டு மக்கா. கெட்டு அவுந்தா ஆளு கீழ வந்துருவோம்லா.”

பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை எங்கிருந்து கீழே விழப்போகிறது என்று அவன் யோசிப்பதில்லை. அவனுக்குத் தெரிந்த முடிச்சு எல்லாம் உயிரைக் காக்கிற முடிச்சு.

மாசி பிறந்தால் ஆவணி முடியும்வரை தங்கையனுக்குத் தரையில் காரியம் குறைவு. இரணியலுக்குத் தெற்கே, செம்மண் மேட்டில், காலையும் மாலையும் பனையேறி, அக்கானி என்கிற பதநீரை இறக்குகிறவன். புரட்டாசியில் மழை பிடித்தால் பனைக்கு ஓய்வு. அவனோடு ஏறுகிறவர்களில் சிலர் மண்வெட்டப் போவார்கள். மற்றவர்கள் கோலப்பனின் காப்பிக்கடையில் சீட்டு விளையாடுவார்கள். தங்கையன் அந்த நான்கைந்து மாதமும் வீட்டோடு இருப்பான். சோறு பொங்குவான். ஞானப்பூவைப் பள்ளிக்கூடம் அனுப்புவான். ஐந்து வயது யோபுவைக் குளிப்பாட்டுவான். நடக்கத் தொடங்கியிருக்கிற கிருபையை இடுப்பில் வைத்துக்கொண்டே தேங்காய் துருவுவான்.

அவன் மனைவி நேசபாய் மிஷன் காம்பவுண்டில் லேஸ் பின்னுகிறவள். வெள்ளை நூல் விரலில் சிக்காமல் ஓட வேண்டும். தோலில் ஒரு சொரசொரப்பு இருந்தால் நூல் பிடித்துக்கொள்ளும். அதனால் அவள் சாம்பலைத் தொடுவதற்குத் தங்கையன் சம்மதிப்பதில்லை. பானை சட்டிகளைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு அவனே விளக்குவான். நேசபாய் மறந்துபோய் ஒரு சட்டியைக் கையிலெடுத்தால், “ஏட்டி, அதை வையி. ஒனக்க கையில நூலு ஓடண்டாமா?” என்று பறித்துக்கொள்வான்.

ஊரில் இது பெரிய தமாஷ். கோலப்பன் கடைக்குக் கருப்பட்டிக் காப்பி குடிக்கப் போனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கோலப்பன் தொடங்குவான்.

“என்ன ஓய் தங்கையன், இன்னைக்கு என்ன கறி?”

தங்கையனுக்குக் கேலி உறைக்காது. அது உண்மையான கேள்வி என்றே எடுத்துக்கொள்வான். “மரச்சீனிக்கெழங்கு அவிச்சேன். சாளைமீனுக்குப் புளிச்சக்காய் போட்டேன் கேட்டீரா, புளிப்பு ஏறிப் போச்சு. பிள்ளைக மொகத்தைச் சுளிக்குவு. ஒம்ம வீட்டுல எத்தனை போடுவாவ?”

சிரிக்க வாய் திறந்தவர்கள் காத்திருப்பார்கள். கோலப்பன் கொஞ்சநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, “நாலு போதும் ஓய். பிஞ்சாப் பாத்துப் போடும்” என்பான். அத்தோடு கேலி முடிந்துவிடும்.

தங்கையனின் உள்ளங்கைகள் காய்த்துப் பலகையாகிவிட்டவை. கிருபைக்கு உடம்பு சுட்டால் கை வைத்துப் பார்த்து அவனால் கண்டுபிடிக்க முடியாது. குனிந்து, மூடிய கண்ணிமையைக் குழந்தையின் நெற்றியில் ஒற்றிப் பார்ப்பான். “சூடு இல்ல. பல்லு மொளைக்கியதுக்க சிணுக்கம்” என்று அவன் சொன்னால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மழை அடைத்துக்கொண்ட நாட்களில் வீட்டுக்குள் அவனே மரமாக நிற்பான். யோபு முழங்காலில் மிதித்து, அரைக்கயிற்றைப் பிடித்து, தோளில் ஏறி, அப்பாவின் தலையில் தட்டிக் கேட்பான்.

“அக்கானி இருக்கா?”

“மழைலா மக்கா, ஊறல்ல. நாளைக்கு வா.”

ஒரு காலைக்குப் பத்துத் தடவையாவது யோபு இப்படி ஏறி வெறுங்கையோடு இறங்குவான். இரண்டு பேருக்கும் சலித்ததில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டு, கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயிலுக்கு வந்திருந்த மிஷன் வெள்ளைக்காரத் துரைசாணியின் முன்னால் ஞானப்பூ பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தைத் திக்காமல் வாசித்தாள். துரைசாணி சபையின் உபதேசியாரிடம் ஏதோ சொன்னாள். ஆராதனை முடிந்ததும் உபதேசியார் தங்கையனையும் நேசபாயையும் நிறுத்தி, நாகர்கோவில் போர்டிங் பள்ளியில் பிள்ளைக்கு இடம் தருகிறார்களாம், கிறிஸ்மஸ் லீவு முடிந்ததும் கொண்டுவிடலாம் என்றார்.

நேசபாய் வீடு வரும்வரை தரையில் நடந்ததாகத் தெரியவில்லை. தங்கையன் சிறிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். மறுநாளிலிருந்து நாளுக்கொரு காரணம் சொல்லத் தொடங்கினான். திங்கட்கிழமை, அங்கே கிணற்று வெள்ளம் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. செவ்வாய்க்கிழமை, போர்டிங் சோற்றில் கல் கிடக்குமாம். புதன்கிழமை, கிருபை அக்காவைத் தேடுவாள்.

“கிருபை தேடுவாளா, நீங்க தேடுவியளா?” என்று நேசபாய் கேட்டாள்.

தங்கையன் எழுந்து வெளியே போய், விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்த பானையை எடுத்து மறுபடியும் விளக்கினான். நேசபாய் வாசற்படியில் வந்து நின்றாள்.

“எங்கப்பா என்னைய மூணாங்கிளாசோட நிப்பாட்டினாரு. கோவத்துல ஒரு வருசம் நான் அவருகூடப் பேசல்ல. அவருக்கு அது தெரியக்கூட இல்ல.”

அவன் இன்னொரு பிடி சாம்பலை அள்ளினான். பானை பளபளத்தது.

அடுத்த வாரம் மூன்று நாள் விடாமழை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகியதால் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேசபாய் வேலைக்குப் போயிருந்தாள். தங்கையன் கிருபையைத் தூங்கவைத்துவிட்டு அடுக்களையில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தான். ஞானப்பூ நனைந்துகொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. குரல் மட்டும் தணிந்திருந்தது.

“அப்பா, சத்தம் போடாம வாருங்க. தம்பி பனையில நிக்கான்.”

வீட்டுக்குப் பின்னால் சற்றே சாய்ந்த பனை ஒன்று நிற்கிறது. அதில் இரண்டாள் உயரத்தில், தங்கையன் காலில் மாட்டி ஏறுகிற பழைய நார் வளையத்தைத் தன் காலில் மாட்டிக்கொண்டு, யோபு மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கினான். ஏறத் தெரிந்திருக்கிறது, இறங்கத் தெரியவில்லை. மழை மரத்தின் வழியாக வழிந்து அவன் வாயில் விழுந்துகொண்டிருந்தது. தொடை நடுங்குவது கீழேயிருந்தே தெரிந்தது.

தங்கையன் கால் வளையமும் மரத்தில் சாத்தி மிதிக்கிற தடியும் இல்லாமல் வெறுங்காலோடு ஈரப்பனையில் ஏறினான். வேறு நாளில் யாராவது அப்படி ஏறினால் கிறுக்கன் என்று ஏசுகிறவன்.

“யோபு, அப்பா வாறேன். மேலயும் பாக்காத, கீழயும் பாக்காத. பனையப் பாரு.”

“கை வழுக்குப்பா.”

“வழுக்கட்டு. ஒனக்கு அடியில நான்லா நிக்கேன்.”

பிள்ளையின் அடியில் போய்ச் சேர்ந்து, அவனை மரத்துக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் வைத்து, இரண்டு கையாலும் பனையை வளைத்துப் பிடித்தான். “இப்போ விடு. பைய” என்றான். சாண் சாணாக இறங்கினார்கள். கால் தரையைத் தொடும்போதுதான் தங்கையன் பார்த்தான். கால் பதிந்தது மண்ணில் இல்லை, பாயில். வீட்டிலிருந்த பாய்கள், சாக்குகள், நேசபாயின் பழைய சேலை எல்லாம் பனையின் அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்துக் கிடந்தன. இவ்வளவையும் விரித்துப் போட்டுவிட்டுத்தான் ஞானப்பூ அவனைக் கூப்பிட வந்திருக்கிறாள்.

ஏறும்போது உரசியதில் தங்கையனின் நெஞ்சில் தோல் உரிந்து, இரத்தம் மழையோடு இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் யோபுவைக் கேட்டான்.

“யாருலே ஒனக்கு ஏறச் சொல்லித் தந்தது?”

“யாரும் சொல்லித் தரல்ல. நீங்க ஏறுவியள்லா, அது மாதிரி ஏறுனேன்” என்றான் பிள்ளை. அழுகைக்கு நடுவிலும் அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

தங்கையனுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் அண்ணனைப் பார்த்தேதான் ஏறப் படித்தான். பதினாறு வயதில் பனையிலிருந்து விழுந்து செத்துப்போனான். அந்தக் கதையைத் தங்கையன் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. அன்று விளக்கு வைக்கிற நேரம், நேசபாய் அவன் நெஞ்சில் மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டிருந்தபோது, அவளிடமும் சொல்லவில்லை. வேறொன்று சொன்னான்.

“அவன் என்னையப் பாத்தே படிச்சிட்டாண்டி. நான் ஒரு வார்த்த சொல்லிக் குடுக்கல்ல.”

நேசபாய் தடவுவதை நிறுத்தினாள்.

“இந்த வீட்டுல அவனுக்குப் பாத்துப் படிக்க வேற ஒண்ணு வேணும். ஞானப்பூ போர்டிங்குக்குப் போவட்டு. லீவுக்கு வருவால்லா. வந்து அவன் முன்னால இருந்து வாசிக்கட்டு.”

“நெசமாத்தான் சொல்லுதியளா?”

“பாய் விரிக்கணும்னு எனக்குத் தோணியிருக்காது நேசம். அவளுக்குத் தோணிச்சு பாத்தியா” என்றான். நேசபாய் எண்ணெய்க் கையை அவன் நெஞ்சிலேயே கொஞ்சநேரம் வைத்திருந்தாள்.

மார்கழி வந்தது. கிறிஸ்மஸ் பலகாரமான முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுத்ததும் இடித்ததும் தங்கையன்தான். பாகில் உருட்டி வைத்ததில் பாதியை, கொஞ்சம் கொஞ்சமாக, மாவில் முக்கிப் பொரிக்கும் முன்பே யோபு தின்றுவிட்டான். விடிகாலையில் பஜனைக்காரர்கள் தாளம் தட்டிக்கொண்டு வரும்போது மூன்று பிள்ளைகளும் ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். கிறிஸ்மஸ் ஆராதனையில் ஞானப்பூ புதுப்பாவாடையோடு முன்னால் நின்று வசனம் சொன்னாள். தங்கையன் ஆண்கள் பக்கத்தில், மடியில் தூங்கும் கிருபையோடு உட்கார்ந்து, மகளின் உதட்டைப் பார்த்துத் தன் உதட்டையும் ஓசையில்லாமல் அசைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வசனம் தெரியாது. வெறுமனே அசைத்தான்.

புதுவருஷம் கழிந்த திங்கட்கிழமை. தாயும் மகளும் மோட்டார் பஸ்ஸில் போவதென்றும், தங்கையன் சிறிய பிள்ளைகளோடு வீட்டில் இருப்பதென்றும் பேச்சு. ஆனாலும் விடிந்ததும் கிருபையை இடுப்பிலும் யோபுவைத் தோளிலும் வைத்துக்கொண்டு திங்கள்சந்தை முக்குவரைக்கும் அவனும் வந்தான். வழியெல்லாம் ஞானப்பூதான் பேசினாள். போர்டிங்கில் மணி அடித்தால் எழும்ப வேண்டுமாம். சாயங்காலம் பூச்செடிக்கு வெள்ளம் ஊற்ற வேண்டுமாம். அவள் முகத்தில் பயம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

பஸ் வந்தது. விடிகாலைத் தூறல் திறந்த பக்கத்து வழியாக உள்ளே அடித்து, மரப்பலகை இருக்கைகள் எல்லாம் ஈரம். தங்கையன் பிள்ளைகளை நேசபாயிடம் இறக்கிக் கொடுத்துவிட்டு, முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறினான். வாழ்க்கையில் அவன் மோட்டார் பஸ்ஸில் ஏறியது அதுவே முதல் தடவை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, மகள் உட்காரப்போகிற இடத்தை அழுத்தித் துடைத்தான்.

“நீரு வாறீரா, இல்லியா?” என்று கண்டக்டர் கேட்டான்.

“நான் வரல்ல. பிள்ளதான் போறா.”

ஞானப்பூ ஏறி உட்கார்ந்தாள். தங்கையன் துண்டை வெளியே நீட்டிப் பிழிந்தான். நேசபாய்க்கான இடத்தைத் துடைத்தான். டிரைவர் ஹாரனை அமுக்கினான். தங்கையன் மறுபடியும் துண்டைப் பிழிந்துகொண்டு, யாரும் உட்காராமல் கிடந்த மீதிப் பலகையையும் கடைசிவரைக்கும் மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டு போனான்.