தாலி கட்டும் நேரத்துக்கு ஒரு லென்ஸ்

என் கணவர் குகன் தோசையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். நான் சுட்டதானாலும் சரி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் வாங்கியதானாலும் சரி, அடியில் கருகியிருக்கும் என்பது அவர் முடிவு. காரைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பார். கிள்ளான் பாசாரில் மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினால், "கேக்காமலே ஏன் காட்டுறான்?" என்று அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். அவருடைய கடைசி வருடத்தில் மருத்துவர் சொன்னதையும் நம்பாமல் வேறு இரண்டு இடங்களில் போய்க் காட்டினார். அந்த ஒன்று மட்டும் சொன்னபடியே ஆகிவிட்டது.

திருமணப் படம் எடுப்பது அவர் தொழில். கிள்ளானிலும் காஜாங்கிலும் பாதிக் குடும்பங்களின் வரவேற்பறைச் சுவரில் அவர் எடுத்த படம்தான் தொங்குகிறது. எல்லோரையும் சந்தேகிக்கிற மனிதரிடம் அத்தனை பேர் தங்கள் நல்ல நாளை நம்பிக் கொடுத்தார்கள். அதை நான் அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

பல வருடம் தயங்கிய பிறகு அவர் மிரர்லெஸ் என்ற புது வகைக் கேமராவுக்கு மாறினார். பழைய லென்ஸையே ஒரு இணைப்பு வளையம் போட்டுப் புதிய கேமராவில் மாட்டிக்கொண்டார். கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் அது காலை வாரியது. கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் எழுந்து கைப்பேசியைத் தூக்கினார்கள், அட்சதை பறந்தது, ஓமப் புகை எழும்பியது. ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தது. பின்னால் இருந்த தாம்பாளம் படத்தில் பளிச்சென்று விழுந்தது, மாப்பிள்ளையின் கையும் தாலியும் கலங்கிப்போயின.

"மறுபடி ஒரு தடவை கையை வைக்கச் சொல்லி எடுத்துடலாமே" என்று மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சொல்லிப் பார்த்தார். பெண்ணின் அம்மா, "கட்டுன தாலிய மறுபடி கட்டுறதா? வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க" என்று அங்கேயே அழுதுவிட்டார். வீடியோ எடுத்த லோகன்தான் தன் வீடியோவிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்து ஆல்பத்துக்குக் கொடுத்தான். நல்ல மனதோடுதான் கொடுத்தான். இவர் வீட்டுக்கு வந்து சொன்னது வேறு.

"இனிமே ஃபோட்டோவும் அவனே எடுப்பான் பாரு. ரூட்டு போடுறான்."

லோகன் இவரோடு பல வருடமாக வேலை செய்கிறவன். அண்ணே, அண்ணே என்று சுற்றி வருவான். அதனாலேயே சந்தேகம்.

அடுத்த பெரிய வேலை இந்துஜாவின் கல்யாணம். இந்துஜா பெட்டாலிங் ஜெயாவில் என் அலுவலகத்தில் பக்கத்து மேசை. நான்தான் குகனைச் சொல்லியிருந்தேன். கிள்ளான் செய்தி அதற்குள் அவள் அம்மா நேசம்மாவின் காதுக்கு எட்டிவிட்டது. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், நேசம்மா எதையும் சுற்றி வளைத்துப் பேச மாட்டார். நேரே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அங்க தாலி கட்டேக்க படம் வரேல்லையாம். உண்மையோ?"

"உண்மைதான் ஆன்டி."

"அப்ப எங்களுக்கு?"

"வரும் ஆன்டி. புது லென்ஸ் வாங்குறேன்."

"வராட்டி? அது ஒருக்காத்தானே கட்டுறது."

இவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தாலிப் படம் தவறினால் அதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து வீட்டில் லென்ஸ் பேச்சுதான். அவருக்கு வேண்டியது ஸ்டாண்டர்ட் ஜூம், இருபத்து நாலு மில்லிமீட்டரிலிருந்து எழுபது வரை போவது. விரித்தால் மணமேடையில் நிற்கும் மொத்தக் குடும்பமும் அடங்கும். இழுத்தால் முடிச்சுப் போடும் விரல்கள் மட்டும் நிற்கும். தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது, எல்லாம் ஒன்றிலேயே இருக்க வேண்டும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு அதன் வாய் நன்றாகத் திறக்கவும் வேண்டும். குறைவாகத் திறக்கிற மலிவு வகையை முதலிலேயே தள்ளிவிட்டார். வேறு கம்பெனி செய்த, எடை குறைந்த லென்ஸ் ஒன்று இருந்தது. எல்லோரும் அதைப் புகழ்ந்தார்கள்.

"வேற வீட்டுப் பிள்ளை. இன்னைக்குக் கேமராவோட பேசும். நாளைக்குக் கேமராவுல சாஃப்ட்வேர மாத்துனா பேசாது."

"அப்ப கேமரா கம்பெனி லென்ஸையே வாங்குங்க."

"அது ஏன் இவ்வளவு விலை? ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கலாம்."

யூடியூபில் நல்லது என்று சொல்கிறவன் லென்ஸை இலவசமாக வாங்கியிருப்பான், கெட்டது என்கிறவன் எதிர்க் கம்பெனிக்காரன். இப்படியே நாட்கள் போயின. கடைசியில் லோகன் சொன்ன கடைக்கே போனோம். கோலாலம்பூரில் ஒரு பழைய பிளாசாவின் மாடியில் லியோங் என்ற சீனர் நடத்துகிற கடை அது. இவர் பெட்டியின் ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை தேடினார். பையிலிருந்து தமிழ்ப் பத்திரிகையை எடுத்துச் சுவரில் ஒட்டி, நான்கு மூலை எழுத்தும் ஒரே கூர்மையில் விழுகிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"பாஸ், சாமான் வாங்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?" என்று லியோங் மலாயில் கேட்டார்.

"ரெண்டும்தான்" என்றார் இவர்.

கேமரா கம்பெனியின் லென்ஸையே வாங்கினார். கடையில் எடுத்த படத்தில் வரி விளம்பரம் வரை படிக்க முடிந்தது. வீட்டுக்கு வந்து சாமி அறையில் வைத்துப் பூசை போட்டார். எங்கள் பக்கத்தில் புதுக் கார் வாங்கினாலும் தையல் மெஷின் வாங்கினாலும் சந்தனம், குங்குமம் வைக்காமல் வேலைக்கு எடுப்பதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அவரே பொட்டு வைத்தார். லென்ஸை என்னைத் தொட விடவில்லை.

மறுநாள் காலையில் கேமராவில் மாட்டினார். திரையில் லென்ஸ் திறப்பின் எண் வர வேண்டிய இடத்தில் கோடுதான் வந்தது. ஃபோகஸ் நகரவில்லை. கழற்றித் திரும்ப மாட்டினால் கொஞ்ச நேரம் வேலை செய்யும், பிறகு நின்றுபோகும்.

கடைக்கு ஓடினோம். லியோங்கின் கடையில் வேலை செய்யும் பெண் லென்ஸின் பின்புறத்தை ஒரு துணியால் துடைத்து மாட்டினாள். அருமையாக வேலை செய்தது.

"பின்னால கொஞ்சம் அழுக்கு இருந்தது. அவ்வளவுதான்" என்றார் லியோங்.

இவருக்கு அது போதும். "புதுச் சாமான்ல எப்படி அழுக்கு வரும்? பழசத் தொடச்சிப் பெட்டியில போட்டு வித்திருக்கான்" என்று என் காதில் சொல்லிவிட்டு, வேறு லென்ஸ் கேட்டு நின்றார். லியோங் வெகுநேரம் மறுத்துப் பார்த்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்து, தலையைச் சொறிந்து, இன்னொரு பெட்டியைப் பிரித்தார். மறுபடி பத்திரிகை, மறுபடி டார்ச். வீட்டில் மறுபடி பூசை. மறுநாள் மறுபடி கோடு.

இந்துஜா கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இவர் சாப்பாட்டு மேசையில் லென்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதையே வெறித்துப் பார்த்தார்.

"கடையில நல்லா இருக்கு. வீட்டுல கெட்டுப் போகுது. எப்படி?"

"கேமராவுல ஏதாவது இருக்குமோ?"

"கடையிலயும் என் கேமராதானே. இல்ல, இது லோகன் வேலை. அந்தக் கடையச் சொன்னது யாரு? கமிஷன் வாங்கியிருப்பான். நான் இந்தக் கல்யாணத்துலயும் கெடுத்துட்டேன்னா யாருக்கு லாபம்?"

நான் அவருக்குத் தெரியாமலே லோகனைக் கூப்பிட்டேன். இன்னும் ஒரு வாரம் அந்தப் பேச்சைக் கேட்க என்னால் ஆகாது.

லோகன் மாலையில் வந்தான். இவர் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"வாப்பா. நீ சொன்ன கடைச் சாமான வந்து பாரு."

"நான் செஞ்ச சாமானா அண்ணே அது? கடையத்தானே சொன்னேன் லா."

"உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

"ஒரு ஐஸ் கோப்பி குடுத்தான். பாதி நீங்க குடிங்க" என்று சொல்லிக்கொண்டே லோகன் லென்ஸைக் கழற்றினான். விளக்கடியில் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான்.

"அண்ணே, இது என்ன, சந்தனமா?"

நானும் குனிந்து பார்த்தேன்.

லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தில் பொட்டு வைத்த அடையாளம் இருந்தது. கேமராவில் பொருத்தித் திருகும்போது அந்தப் பொட்டு வட்டமாக இழுபட்டு, பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்னப் பொன்னிறப் புள்ளிகளின் மேல் பூசிக் காய்ந்திருந்தது. லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்வது அந்தப் புள்ளிகள் வழியாகத்தான். கடைப் பெண் துடைத்ததும் இதைத்தான்.

"எல்லாரும் வெளியில வைப்பாங்க. நீங்க ஏன் அண்ணே உள்ள வச்சீங்க?"

"வெளியில வச்சா, புதுசா பொட்டு இருக்கேன்னு நாலு பேரு பார்ப்பான்" என்றார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "புது லென்ஸுன்னு தெரிஞ்சா கண்ணு படும். கண்ணாடியில படாமத்தான் வச்சேன்."

"எந்த நாலு பேரு?"

இவர் கண் லோகன் மேல் போய்த் திரும்பியது. லோகனுக்கும் புரிந்திருக்கும். பிறகு சட்டைப் பையிலிருந்து மென்துணியை எடுத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான். கேமராவின் வாயிலும் ஒட்டியிருந்ததை எடுத்தான். மாட்டினான். எண் வந்தது. நான் மேசையில் வைத்திருந்த முறுக்கின் ஒவ்வொரு முள்ளும் திரையில் தெரிந்தது.

"மொத லென்ஸும் நல்ல லென்ஸுதான் அண்ணே. அந்தச் சீனருக்கு தாப்பாவ் கட்டுன ஒரு சோத்துப் பொட்டலமாவது வாங்கிக் குடுங்க."

"இப்ப வேலை செய்யுது. அன்னைக்கும் செய்யுமான்னு யாருக்குத் தெரியும்" என்றார் இவர்.

கல்யாணம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில். கிளம்புமுன் இவர் புள்ளிகளை இரண்டு முறை துடைத்ததைப் பார்த்தேன். மண்டபத்தில் நேசம்மா பட்டுச் சேலையில் வந்து, லென்ஸைப் பார்த்து, இவர் முகத்தைப் பார்த்து, போய் முன் வரிசையில் உட்கார்ந்தார்.

மணமேடையில் நல்ல இடம் ஒன்றுதான், மாப்பிள்ளைக்கு எதிரில், பெண்ணின் தோள் பக்கம். அங்கே லோகனை இவர் ஒருநாளும் நிற்க விட்டதில்லை. தன் படத்தை வீடியோவில் பிடித்துவிடுவான் என்பார். அன்றைக்கு முகூர்த்தம் நெருங்கியபோது கொஞ்சம் நகர்ந்தார்.

"இங்க வந்து நில்லு. எனக்கு வரலன்னா உன்னுதாவது இருக்கட்டும்."

லோகன் திகைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான்.

மேளம் கொட்டியது. எல்லோரும் எழுந்தார்கள். யாரோ ஒரு அங்கிள் பெரிய டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார். லோகன் தன் தோளால் அவரை மெதுவாகத் தள்ளி வைத்தான். அட்சதைக்கு நடுவில் குகன் குனிந்து நின்றதை மட்டும்தான் நான் பார்த்தேன்.

முடிந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. அம்மி மிதித்து, வலம் வந்து, குடும்பப் படமெல்லாம் எடுத்த பிறகும் பார்க்கவில்லை. முன் வரிசையிலிருந்து நேசம்மா எழுந்து வருவதைக் கண்டதும் கேமராவை லோகனிடம் நீட்டினார்.

"நீயே பாரு."

லோகன் படங்களைத் தள்ளித் தள்ளிப் போனான். ஓரிடத்தில் நின்றான். பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். நேசம்மா அவன் தோளருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி?"

"ஆன்டி, மாப்பிள்ளை நகம் வெட்டல."

நேசம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மஞ்சள் சரடு, அதைப் பிடித்த விரல்கள், இந்துஜாவின் கழுத்தோரத்தில் ஒட்டியிருந்த ஒரு அரிசி. எல்லாம் இருந்தன. அவர் குகனின் கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டு, பந்திக்கு ஆட்களைக் கூப்பிடப் போனார்.

குகன் கேமராவை வாங்கிக்கொண்டார். நகத்தைப் பார்த்தார், சரடைப் பார்த்தார், மறுபடி நகத்தைப் பார்த்தார். பிறகு லோகனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"நீ காட்டுனது இதே படந்தானே?"