வெந்நீர் அக்காவின் பத்து மணி

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வெந்நீர் அக்கா என்று பெயர். போன வருடம் அடித்த கூத்தில் சம்பாதித்தது. சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, வேண்டுமென்றே ஒட்டுண்ணி விட்ட ஸ்லைடு ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். அதற்கு எடுத்த டிராப்பரை மாற்றாமல் குழாய்த் தண்ணீருக்கும் எடுத்துவிட்டாள் மகராசி. அவள் எழுதிக் கொடுத்ததை நம்பி ஊரே மூன்று நாள் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது. கோளாறு அவள் கையில்தான் என்று தெரிந்ததும் மேலதிகாரி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இருபது வருடம் சேர்த்த நல்ல பெயர் ஒரே சொட்டில் போயிற்று.

இன்று காலை பத்து மணிக்கு, நேற்று வடிகட்டி வைத்த நீரேற்று நிலையத் தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். பச்சையாக மின்னும் இரண்டு வட்டங்கள், அதே ஒட்டுண்ணி. குளோரினுக்கெல்லாம் அசராத ஜென்மம் அது. நல்ல உடம்பை ஒரு வாரம் வயிற்றுப்போக்கில் தள்ளும், நோஞ்சான் உடம்பை லேசில் விடாது. அவள் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

வராந்தாவுக்கு வந்து மகளுக்கு ஃபோன் போட்டாள்.

"அப்பாவுக்குக் குழாய்த் தண்ணிய அப்படியே குடுக்காதே. நல்லா கொதிக்க வெச்சுக் குடு. ஏன்னு கேக்காதே."

கூடத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்னொரு முறை தலைகுனிய அவளுக்குத் தெம்பில்லை. புதுக் கையுறை, புது டிராப்பர் என்று எல்லாவற்றையும் மாற்றி, மீதித் தண்ணீரை முதலிலிருந்து சோதித்தாள். நான்கு மணி நேர வேலை. இந்த முறை மூன்று வட்டங்கள்.

அறிக்கையைப் பார்த்த மேலதிகாரி, போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று இழுத்தார். வேறு கூடத்துக்கும் அனுப்பி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்றார்.

"உங்களுக்கே நிச்சயமா தெரியுதாம்மா?"

"எங்க வீட்ல கொதிக்க வெச்சுக் குடிக்கச் சொல்லிட்டேன் சார்."

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. அறிவிப்புக் கொடுக்க ஃபோனை எடுத்தவர், எண்ணைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எப்ப சொன்னீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"காலைல பத்து மணிக்கு."

இப்போது மணி இரண்டரை. பள்ளிக்கூடங்களில் மதியச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் குழாயடியில் கையேந்தி வயிறு முட்டக் குடித்திருப்பார்கள். அவள் வெட்கத்தில் கூனிக்குறுகி நின்றாள். அவர் மீதி எண்களை அழுத்தினார்.